பூஜ்யத்தையும் எழுதுங்கள்: 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களே, அங்கன்வாடிப் பணியாளர்களே, வீடு வீடாக ஏறி இறங்கப்போகும் அனைவருக்கும்,

வணக்கம். 2027 மார்ச் முதல் தேதி பிறக்கும் நள்ளிரவைக் குறிநேரமாக வைத்து நம் ஊர்களின் மக்களை எண்ணப்போகிறீர்கள். 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை, போர்க்காலத்தில்கூட நிற்காமல் நடந்துவந்த வேலை இது. 2021இல் பெருந்தொற்றால் முதன்முறையாக விட்டுப்போயிற்று. பதினாறு ஆண்டு இடைவெளிக்குப் பின் அது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. கையில் காகிதத்துக்குப் பதில் கைபேசிச் செயலி. மற்றபடி வெயில், நாய், பூட்டிய கதவு, சந்தேகப் பார்வை எல்லாம் எங்கள் காலத்தில் இருந்தவைதான்.

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. 1991 கணக்கெடுப்பில் ஒரு பிளாக்கை, அதாவது ஒரு கணக்கெடுப்பாளர் பொறுப்பில் விடப்படும் பகுதியை, எண்ணியிருக்கிறேன். பிறகு பல ஆண்டுகள் புள்ளியியல் கற்பித்தபோது, நாங்கள் வீட்டு வாசலில் நின்று எழுதியவை அட்டவணைகளாக மாறி என்ன ஆகின்றன என்பதைக் கற்றுக்கொண்டேன். வாசலில் நின்றபோது அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சில வீடுகளில் வேறுமாதிரி நடந்துகொண்டிருப்பேன். பயிற்சி வகுப்பில் செயலியின் எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்று சொல்லித்தருவார்கள். ஏன் என்பதற்கு அங்கே நேரம் இருக்காது. அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில், நான் செய்த தவறு.

காவிரிக் கரையோர ஊர் அது. பிப்ரவரி வெயிலில் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டுக் கொல்லைப்புறம் போனேன். கிணற்றடியில் ஒரு மூதாட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வீட்டுத் தலைவர் சொன்ன பட்டியலில் அவர் இல்லை. கேட்டேன். "அம்மாவா? அவர் ஒரு மாதம் இங்கே, ஒரு மாதம் அண்ணன் வீட்டில். அண்ணன் வீட்டில் எழுதிக்கொள்வார்கள்" என்றார். அண்ணன் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், அடுத்த பிளாக். அதை எண்ணியவர் என் பள்ளியிலேயே வேலை பார்த்த இன்னோர் ஆசிரியர். சரி, அவர் எழுதிவிடுவார் என்று நான் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

மார்ச் மாதக் கடைசியில், படிவங்களெல்லாம் ஒப்படைத்து முடிந்த பிறகு, ஆசிரியர் அறையில் பேச்சு வந்தது. "அந்தப் பாட்டியா? தம்பி வீட்டில் எழுதியிருப்பார்கள் என்று சொன்னார்கள், விட்டுவிட்டேன்" என்றார் அவர்.

இரண்டு பிள்ளைகள், இரண்டு கணக்கெடுப்பாளர்கள். ஒருவர் கணக்கிலும் அந்த அம்மா இல்லை.

ஒருவர் விட்டுப்போனால் என்ன, கோடிக்கணக்கில் ஒன்று என்று நீங்கள் நினைக்கலாம். எண்ணிக்கையைப் பொறுத்தவரை அது உண்மை. விட்டுப்போவது எப்போதும் உண்டு, அதை அரசே மறைப்பதில்லை. ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் சில பிளாக்குகளைப் பொறுக்கியெடுத்து, வேறு ஆட்களை அனுப்பி மறுபடி எண்ணிப் பார்க்கிறார்கள். 2011இல் அப்படிப் பார்த்தபோது ஆயிரத்துக்கு 23 பேர் விட்டுப்போயிருந்தது தெரிந்தது. 121 கோடிக்கு அது ஏறக்குறைய இரண்டே முக்கால் கோடி. கிராமத்தைவிட நகரத்தில்தான் விடுபடல் அதிகம். இத்தனை பெரிய நாட்டில் இது வெட்கப்பட வேண்டிய அளவு இல்லை. எவ்வளவு விட்டோம் என்பது தெரியும்வரை நிலைமை கைமீறிப் போகவில்லை என்றே சொல்வேன்.

ஆனால் எவ்வளவு விட்டோம் என்பது எப்படித் தெரிகிறது? யாரையும் பார்க்காமலேயே, பார்க்காதவர்கள் எத்தனை பேர் என்று எப்படிச் சொல்கிறார்கள்? இங்கேதான் அந்தப் பாட்டி எனக்குப் பெரிய பாடமாகிறார்.

1949இல் சி. சந்திரசேகர் என்ற இந்தியப் புள்ளியியலாளரும் அமெரிக்கரான டெமிங்கும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் இருந்த சுகாதார மையத்தின் பகுதிதான் அவர்களின் களம். பதிவேட்டில் ஏறாத பிறப்பும் இறப்பும் எத்தனை என்பது அவர்களின் கேள்வி. விடை அழகானது. நம் ஊர்க் கணக்காகச் சொல்கிறேன். ஒரு கிராமத்தில் ஓராண்டில் பிறந்த குழந்தைகளைக் கிராம நிர்வாக அலுவலர் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்: 48 பேர். தனியாக ஒருவர் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுகிறார்: 45 பேர். இரண்டு பட்டியலையும் பெயர் பெயராக ஒப்பிட்டால் 40 குழந்தைகள் இரண்டிலும் இருக்கிறார்கள். வீடு வீடாகப் போனவர் கண்ட 45 பேரில் 40 பேர், அதாவது ஒன்பதில் எட்டுப் பங்கு, பதிவேட்டிலும் இருக்கிறார்கள். அப்படியானால் ஊரில் பிறந்த எல்லோரிலும் ஒன்பதில் எட்டுப் பங்கைப் பதிவேடு பிடித்திருக்கிறது என்று கொள்ளலாம். 48 என்பது ஒன்பதில் எட்டுப் பங்கு என்றால் முழுமை 54. பதிவேட்டில் மட்டும் இருந்தவர்கள் 8, ஆய்வில் மட்டும் இருந்தவர்கள் 5, இரண்டிலும் இருந்தவர்கள் 40. ஆக, நாம் கண்டவர்கள் 53 பேர். யார் கண்ணிலும் படாத குழந்தை ஒன்று.

இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. யாரும் பார்க்காத ஒரு குழந்தையை, பார்த்த குழந்தைகளைக் கொண்டே எண்ணிவிட முடிகிறது! குளத்தில் வலை வீசிப் பிடித்த மீன்களுக்கு அடையாளமிட்டு விட்டுவிட்டு, மறுநாள் மறுபடி வீசி, அடையாளமிட்டவை எத்தனை வருகின்றன என்று பார்த்துக் குளத்து மீன்களை மதிப்பிடுகிறார்களே, அதே தர்க்கம்தான் இது. நம் நாட்டின் பிறப்பு, இறப்பு விகிதங்களைத் தரும் மாதிரிப் பதிவுத் திட்டமும் இரண்டு பட்டியல் என்ற இந்த அடித்தளத்தின் மீதுதான் 1960களிலிருந்து நிற்கிறது. ஊரிலேயே இருக்கும் ஆசிரியரோ அங்கன்வாடிப் பணியாளரோ தொடர்ந்து எழுதிவருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் வந்து தனியாகக் கேட்டு எழுதுவார். பிறகு இரண்டையும் ஒப்பிட்டு, பொருந்தாதவற்றைக் களத்தில் போய்ச் சரிபார்ப்பார்கள்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு பட்டியலில் விட்டுப்போவதற்கும் இன்னொன்றில் விட்டுப்போவதற்கும் தொடர்பு இருக்கக்கூடாது. ஒதுக்குப்புறக் குடிசைப் பகுதிக்குப் பதிவேடும் போகவில்லை, ஆய்வுக்காரரும் போகவில்லை என்றால், அங்கே பத்துக் குழந்தைகள் பிறந்திருந்தாலும் கணக்கு 'ஒன்று' என்றே சொல்லும். சந்திரசேகரும் டெமிங்கும் இதை அறிந்திருந்தார்கள். ஊரை ஒத்த இயல்புள்ள சிறு பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டுங்கள், பாதிப்பு குறையும் என்று வழியும் சொன்னார்கள். பாதிப்பு குறையும், அற்றுப்போகாது.

என் கிணற்றடிப் பாட்டி எந்தப் பகுதியில் வருவார்? ஒரு பட்டியலில் விட்டுப்போகிற அதே காரணத்தால் அடுத்த பட்டியலிலும் விட்டுப்போகிறவர் அவர். முறை வைத்துச் சோறு போடப்படும் தாய், செங்கல் சூளையில் தங்கியிருக்கும் குடும்பம், நான்கு பேர் சேர்ந்து ஓர் அறையில் இருந்துகொண்டு பகலெல்லாம் வெளியே திரியும் வடமாநிலத்து இளைஞர்கள், பெயரே வைக்காத பதினைந்து நாள் குழந்தை. இவர்களை எந்தச் சூத்திரமும் மீட்டுத்தராது. நீங்கள் ஒருவர்தான் மீட்க முடியும்.

இதிலிருந்தே இன்னொன்றும் வருகிறது. உங்களுக்குப் பிறகு சரிபார்ப்புக்கு வருகிறவர் உங்கள் நண்பராக இருக்கலாம். "உங்கள் பட்டியலைக் கொடுங்கள், வேலை சுலபமாக முடியும்" என்று கேட்கலாம். கொடுக்காதீர்கள். கொடுத்தால் இரண்டு பட்டியலும் அச்சாகப் பொருந்தும், விடுபடல் பூஜ்யம் என்று வரும். உங்கள் வட்டம் பாராட்டுப் பெறும். உங்கள் ஊரில் விட்டுப்போன அத்தனை பேரும் நிரந்தரமாக மறைந்துவிடுவார்கள்.

அடுத்து வயது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டும்.

வயது கேட்டால் நம் மக்கள் முப்பது, முப்பத்தைந்து, நாற்பது என்பார்கள். எந்தக் கணக்கெடுப்பின் வயது வரைபடத்தை எடுத்துப் பார்த்தாலும் பூஜ்யத்திலும் ஐந்திலும் முடியும் வயதுகளில் கோபுரங்கள் நிற்கும், நடுவே பள்ளங்கள் கிடக்கும். அந்தக் கோபுரங்களின் உயரத்தை அளக்கவே விப்பிள் குறியீடு என்று ஒன்று இருக்கிறது. 23 முதல் 62 வயது வரையுள்ளவர்களில் 0, 5 என்று முடியும் வயதைச் சொன்னவர்கள் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் குறியீடு 100. எல்லோருமே அப்படிச் சொன்னால் 500. ஐ.நா. அளவுகோலில் 105க்குக் கீழே இருந்தால் மிகத் துல்லியம், 175க்கு மேலே போனால் மிக மோசம்.

ஆனால் கோபுரம் அப்படியே இருந்தாலும் புள்ளியியல் படித்த எங்களால் வேலை செய்யமுடியும். முப்பது என்று சொன்னவர்கள் பெரும்பாலும் 28, 29, 31, 32 வயதுக்காரர்கள் என்பது தெரியும். பிழைக்கு ஒரு வடிவம் இருக்கிறது. வடிவம் தெரிந்தால் கோபுரத்தின் மண்ணைப் பள்ளத்தில் திரும்ப நிரப்பலாம். எங்களைக் கைகட்டி உட்காரவைப்பது வேறொன்று. "எல்லாம் முப்பது முப்பது என்று வந்தால் மேலே கேள்வி கேட்பார்கள்" என்று எண்ணி, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒன்றை 29 என்றும் ஒன்றை 31 என்றும் மாற்றி எழுதுவது. 1991இல் இப்படிச் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நல்ல மனிதர்கள், வேலை ஒழுங்காகத் தெரியவேண்டும் என்று நினைத்தவர்கள். அவர்கள் எழுதிய தாளில் விப்பிள் குறியீடு அழகாக வரும். உண்மை அதற்குள் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எந்த வழியும் மிஞ்சாது.

இம்முறை வயதில் கூடுதல் கவனம் வேண்டியிருக்கிறது. காரணம் அந்தப் பதினாறு. வழக்கமாகப் பத்தாண்டு இடைவெளி என்பதால், போன கணக்கில் 10 முதல் 14 வயதில் இருந்தவர்கள் இந்தக் கணக்கில் 20 முதல் 24 என்ற ஐந்தாண்டுக் கட்டத்தில் அப்படியே வந்து உட்காருவார்கள். எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேர் வெளியூர் போனார்கள் என்று அதைக் கொண்டு கணிக்கலாம். 2011இல் 10 முதல் 14 வயதில் இருந்தவர்கள் 2027இல் 26 முதல் 30 வயதில் இருப்பார்கள். வழக்கமான எந்தக் கட்டத்துக்குள்ளும் இது அடங்காது. ஒற்றை ஒற்றை வயதாக எடுத்துத்தான் கூட்டவேண்டும். அந்தக் கூட்டலின் ஓரத்தில் நிற்பது 30 என்ற பெருங்கோபுரம். 31, 32 வயதுக்காரர்கள் தங்களை முப்பது என்று சொல்லிவிட்டால், பதினாறு ஆண்டில் யாரும் இறக்காததுபோலவும், எங்கிருந்தோ புதிதாக இளைஞர்கள் வந்து குடியேறியதுபோலவும் அட்டவணை காட்டும். அதைப் பார்த்து ஒருவர் கட்டுரை எழுதுவார், இன்னொருவர் மேடையில் பேசுவார்.

பிறந்த தேதிச் சான்று இருந்தால் நல்லது. இல்லாத பெரியவர்களிடம் கேட்க நம் மொழியிலேயே கருவி இருக்கிறது. "எத்தனை வயது?" என்று கேட்காமல், "எத்தனை முடிந்தது, எத்தனை நடக்கிறது?" என்று கேளுங்கள். உங்களுக்கு வேண்டியது முடிந்த வயது. பாதிப் பிழை அங்கேயே தீர்ந்துவிடும். வீட்டில் ஜாதகம் இருக்கிறதா என்று கேளுங்கள். குரோதி ஆண்டு ஐப்பசி என்று அதில் இருந்தால், ஆள் அறுபதைத் தாண்டியவர் என்பதால் அது 1964 அக்டோபர், நவம்பர். 2027 மார்ச் முதல் தேதியில் 62 முடிந்து 63 நடக்கும். ஜாதகம் இல்லாதவரிடம் தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது கைக்குழந்தையா, அண்ணா இறந்தபோது பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தீர்களா, எம்.ஜி.ஆர். இறந்தபோது கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேளுங்கள். 1964, 1969, 1987. ஒவ்வொரு ஊருக்கும் இப்படி ஒரு காலக்கணக்கு உண்டு: வெள்ளம் வந்த ஆண்டு, தேர் எரிந்த ஆண்டு, மின்சாரம் வந்த ஆண்டு. உங்கள் பிளாக்குக்கு ஒரு பட்டியல் முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள். உலகம் முழுதும் கணக்கெடுப்பாளர்கள் செய்கிற வேலைதான் இது.

இனி எழுதப்போவது எனக்குக் கடினமானது.

சென்ற கணக்கெடுப்பில், மணமான, கணவனை இழந்த, பிரிந்து வாழும் பெண்களிடம் எத்தனை குழந்தைகள் உயிரோடு பிறந்தன, அவற்றில் எத்தனை இப்போது உயிரோடு இருக்கின்றன என்று கேட்டார்கள். இம்முறையும் அந்தக் கேள்வி உங்கள் கைக்கு வரும்போது, பத்து விநாடியில் கடந்துபோகத் தோன்றும். தயவுசெய்து அங்கே நில்லுங்கள்.

வில்லியம் பிராஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கிழக்கு ஆப்பிரிக்காவில் புள்ளியியல் துறையில் வேலை பார்த்தவர். பிறப்பு இறப்புப் பதிவு ஏறத்தாழ இல்லாத நாடுகள். குழந்தை எந்த வயதில், எந்த ஆண்டில் இறந்தது என்று கேட்டால் நம்பகமான விடை வராத சூழல். அவர் ஒன்றைக் கண்டுகொண்டார். இருபது முதல் இருபத்துநான்கு வயதுத் தாய்மார்கள் பெற்ற குழந்தைகளில் இறந்துபோன விகிதம், ஒரு குழந்தை இரண்டு வயது நிறைவதற்குள் இறக்கும் வாய்ப்புக்கு ஏறக்குறைய சமம். இருபத்தைந்து முதல் இருபத்தொன்பது என்றால் மூன்று வயது. முப்பது முதல் முப்பத்துநான்கு என்றால் ஐந்து வயது. சிறிய திருத்த எண்ணால் பெருக்கினால் போதும். தேதியும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். ஒரு தாய் தன் வாயால் சொல்லும் இரண்டே எண்கள். அதைக் கொண்டு ஒரு நாட்டின் குழந்தை இறப்பு எப்படிக் குறைந்துவந்திருக்கிறது என்பதைப் பின்னோக்கி வரைந்துவிடலாம்.

அவர் இன்னொன்றும் கவனித்தார். "கடந்த ஓராண்டில் பிரசவம் ஆனதா?" என்று கேட்டால் பெண்கள் ஆண்டின் நீளத்தைத் தவறாக நினைக்கிறார்கள், ஆனால் எல்லா வயதினரும் ஏறக்குறைய ஒரேமாதிரித் தவறுகிறார்கள். மொத்தக் குழந்தைகளைக் கேட்டால் வயதான பெண்கள் இறந்தவற்றைச் சொல்லாமல் விடுகிறார்கள், இளம் தாய்மார்கள் சரியாகச் சொல்கிறார்கள். ஆகவே வயதுவாரியான வடிவத்தை முதல் கேள்வியிலிருந்தும், மொத்த அளவை இளம் தாய்மார்களின் இரண்டாவது விடையிலிருந்தும் எடுத்தார். குறையுள்ள இரண்டு விடைகளைச் சேர்த்து நம்பத்தகுந்த ஒன்றை உருவாக்கினார். அந்தப் பெண்கள் தங்களுக்கு நினைவிருந்ததை அப்படியே சொன்னார்கள், கேட்டவர்கள் அதை அப்படியே எழுதினார்கள். அதனால்தான் இது முடிந்தது.

இறந்த குழந்தையைப் பற்றிக் கேட்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முதல் வீட்டில் "எத்தனை குழந்தைகள்?" என்று கேட்டு, மூன்று என்று சொன்னதும் இரண்டு கட்டத்திலும் மூன்று போட்டுவிட்டேன். இருட்டும் நேரத்தில் அந்தப் பெண் என்னைத் தேடிவந்து, "டீச்சர், எனக்கு நான்கு. முதல் பிள்ளை எட்டாம் நாள் போய்விட்டான். அவனையும் எழுதவேண்டுமா?" என்று கேட்டார். எழுதினேன். அவர் போகும்போது முகத்தில் இருந்த நிம்மதியை இன்னும் மறக்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் பிரித்துக் கேட்டேன்: உங்களோடு இருக்கும் பிள்ளைகள், வேறிடத்தில் இருக்கும் பிள்ளைகள், பிறந்து தவறிப்போன பிள்ளைகள். மாமியாரும் கணவரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்பது நல்லது.

குழந்தையே இல்லாத பெண்ணிடம் கேட்பது இன்னும் சங்கடம். தெரிந்தும் ஏன் கேட்கவேண்டும் என்று கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவோம், அல்லது ஒரு கோடு போட்டுவிடுவோம். பல நாடுகளில் பல காலமாக இது நடந்திருக்கிறது. 1961இல் எல்-பத்ரி என்ற மக்கள்தொகை அறிஞர் இதற்காகவே ஒரு திருத்த முறை எழுதவேண்டியிருந்தது. வயதுப் பிரிவு வாரியாக, 'பதில் இல்லை' என்ற விகிதத்தையும் 'பூஜ்யம்' என்ற விகிதத்தையும் வரைபடத்தில் வைத்தால் அவை ஒரு நேர்கோட்டில் விழுகின்றன. குழந்தையற்றவர்கள் அதிகமுள்ள வயதில்தான் வெற்றுக் கட்டமும் அதிகம். ஆகவே வெற்றுக் கட்டங்களில் பெரும்பங்கு உண்மையில் எழுதப்படாத பூஜ்யங்கள் என்று காட்டினார் அவர். அடையாளம் தெரியாத அந்தக் கணக்கெடுப்பாளர்கள் எல்லோருமே ஒரேமாதிரிக் கூச்சப்பட்டதால்தான் இந்தத் திருத்தம் வேலை செய்கிறது. அதை நம்பியிருக்க வேண்டாம். பூஜ்யம் ஒரு விடை. கேட்டு, எழுதுங்கள்.

இத்தனையும் ஏன் என்றால், நாடு உங்களிடமிருந்து எதிர்பார்ப்பது ஓர் எண்ணிக்கையை மட்டுமில்லை, ஒரு போக்கையும்தான். கூடுகிறோமா, குறைகிறோமா, எந்த வேகத்தில்? ஒரு மாவட்டத்தில் உண்மையில் நூறு பேர் நூற்றுப்பத்து ஆனார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முறையும் நூற்றுக்கு இரண்டு பேர் விட்டுப்போனால் கணக்கில் 98, 107.8. எண்ணிக்கை தவறு, ஆனால் வளர்ச்சி பத்து விழுக்காடு என்பது சரியாகவே வரும். முதல் முறை இரண்டும் அடுத்த முறை நான்கும் விட்டுப்போனால் 98, 105.6. வளர்ச்சி எட்டு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். நிலையான பிழை போக்கைக் கெடுப்பதில்லை. மாறும் பிழை கெடுத்துவிடும். காகிதத்திலிருந்து செயலிக்கும், மக்களே இணையத்தில் பதிவுசெய்யும் முறைக்கும் மாறும் இந்தக் கணக்கெடுப்பில் பிழையின் இயல்பே மாறப்போகிறது. சுயமாகப் பதிந்த வீடு என்று வாசலோடு திரும்பிவிடாதீர்கள். அப்படிப் பதிந்தவர் யாராக இருந்தாலும், கிணற்றடிப் பாட்டியைப் பதிந்திருக்க வாய்ப்பில்லை.

பெருந்தொற்றில் இறந்தவர்களின் கணக்கும் இதில் சிக்கியிருக்கிறது. நாட்டில் பதிவான இறப்புகள் 2019இல் 76.4 லட்சம், 2020இல் 81.2 லட்சம், 2021இல் 102.2 லட்சம். ஒரே ஆண்டில் இருபது லட்சத்துக்கும் மேல் கூடியது. ஆனால் அதே ஆண்டுகளில் பதிவு செய்யும் பழக்கமும் கூடிவந்தது. கூடியதில் எவ்வளவு சாவு, எவ்வளவு பதிவு? 2020, 2021 இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் 47 லட்சம் கூடுதல் இறப்புகள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அரசின் கோவிட் இறப்புக் கணக்கு ஏறத்தாழ 4.8 லட்சம். அந்த மதிப்பீட்டு முறையை அரசு ஏற்கவில்லை. இந்த வழக்கில் புதிய சாட்சி என்றால் அது உங்கள் கணக்கெடுப்புதான். எந்த வயதில் எத்தனை பேர் குறைந்திருக்கிறார்கள், எத்தனை பெண்கள் எந்த வயதில் கணவனை இழந்தவர்களாக இருக்கிறார்கள் என்பது உங்கள் விடைகளில் இருக்கும். அவரவர் வயதை அவரவர் வயதாக எழுதியிருந்தால்.

கடைசியாக, சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த ஒன்று. மாநிலங்களுக்கிடையே மக்களவை இடங்கள் பகிரப்பட்டிருப்பது இன்றும் 1971 கணக்கின்படிதான். அந்தப் பகிர்வை மாற்றக்கூடாது என்ற தடை, 2026க்குப் பிறகு நடக்கும் முதல் கணக்கெடுப்போடு முடிகிறது. ஆகவே "நாம் குடும்பக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்ததற்குத் தண்டனையா? வீட்டுக்கு ஒருவரைக் கூட்டி எழுதினால் என்ன?" என்ற பேச்சு தேநீர்க் கடையிலும் வரும், சில இடங்களில் அதிகாரத்தோடும் வரும். அந்தக் கவலை நியாயமானது, எனக்கும் இருக்கிறது. அதற்கான வாதத்தை நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் வைக்கவேண்டும். உங்கள் செயலியில் வைக்கக்கூடாது.

நாகாலாந்தைப் பாருங்கள். 1991இல் 12 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2001இல் 19.9 லட்சமாக எழுதப்பட்டது. பத்தாண்டில் 64 விழுக்காட்டுக்கும் மேல். தொகுதியும் நிதியும் எண்ணிக்கையைப் பொறுத்தது என்று ஊருக்கு ஊர் போட்டி போட்டுக் கூட்டினார்கள். மாநில அரசே அந்தக் கணக்கை ஏற்க மறுத்தது. 2011இல் கவனமாக எண்ணியபோது 19.8 லட்சம் என்று, முன்பைவிடக் குறைந்து வந்தது. அந்தப் பத்தாண்டில் நாகாலாந்து மக்கள் உண்மையில் பெருகினார்களா, எவ்வளவு பெருகினார்கள் என்பதை அந்த இரண்டு எண்களிலிருந்து யாராலும் சொல்லமுடியாது. விட்டுப்போனவர்களை மதிப்பிடச் சந்திரசேகர் முறை இருக்கிறது. இல்லாத ஆட்களைப் பெயர் வைத்து எழுதியிருந்தால் என்ன முறை இருக்கிறது? ஒவ்வொரு ஊரிலும் வேறுவேறு அளவில் கூட்டிய கணக்குக்கு வடிவமே கிடையாது. அதே 2001இல் மணிப்பூரின் சேனாபதி மாவட்டத்தில் மூன்று உட்கோட்டங்களின் கணக்கு முழுதாக ரத்துசெய்யப்பட்டது. அங்கே நேர்மையாக எழுதியவரின் உழைப்பும் அதோடு போயிற்று.

எண்ணவே முடியாமல்போவதன் வலியை நமக்குப் பக்கத்திலேயே இருப்பவர்கள் அறிவார்கள். இலங்கையில் 2001 கணக்கெடுப்பு இருபத்தைந்து மாவட்டங்களில் பதினெட்டில்தான் முழுமையாக நடந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு போன்ற மாவட்டங்களில் 1981க்குப் பிறகு முழுமையான கணக்கெடுப்பு 2012இல்தான். போருக்கு முன் எத்தனை பேர், பின் எத்தனை பேர் என்ற கேள்விக்கு நடுவே முப்பது ஆண்டு வெற்றிடம்.

நமக்குக் கதவைத் தட்டும் வாய்ப்பு இருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் பட்டியலை முடித்துச் செயலியை மூடுவதற்கு முன், ஒரு கேள்வி மட்டும் கூடுதலாகக் கேளுங்கள் என்று வேண்டுகிறேன்: "இந்த அடுப்பில் சாப்பிடுகிறவர் வேறு யாராவது இருக்கிறார்களா?" சொன்னவர் வீட்டுத் தலைவராக இருந்தால், சமையலறையில் இருப்பவரிடமும் ஒருமுறை. அந்தப் பாட்டி அன்று எனக்குச் செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். அவருடைய பெயர் என்னவென்று நான் கேட்கவில்லை.

அன்புடன்,
1991இல் உங்கள் இடத்தில் இருந்த ஒரு கணித ஆசிரியை